முந்நூறு போத்தலும் ஒரு வாய் மிச்சமும்

திங்கட்கிழமை, மாலை 6.20. மொன்ட்ரியால் விமான நிலையம். பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டிலிருந்து மெட்ரோவும் பஸ்சும் பிடித்து வந்தேன். பதினொரு டொலர். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இரண்டு சேட்டு, ஒரு கம்பளிச் சட்டை, மேப்பிள் பாணி மூன்று தகரம்.

ஐரோப்பாவில் வைன் வாங்கிக் கப்பலில் ஏற்றப் போகிறேன். இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். பெயர் அல்பேட். இருபத்தாறு வருஷமாக ஒரே பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். முப்பத்தெட்டு இருக்கை. முதல் ஏழு வருஷம் கோப்பை கழுவினேன். பிறகு வெங்காயம் வெட்டினேன். பிறகு கீழே நிலவறையில் வைன் போத்தல்களுக்குப் பொறுப்பு.

கடை மதாம் லூசியுடையது. வயது எழுபத்திரண்டு. ஆவணி மாதம் கடையை எனக்கு விற்கிறார். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் அவரே ஐரோப்பா போய் வைன் வாங்குவார். இந்த முறை இடுப்பில் சத்திரசிகிச்சை. அதோடு ஒரு கடிதம் வந்தது. பிரான்சில் அர்மான் என்ற கிழவர் எழுதியது. வருஷம் முந்நூறு போத்தல் சிவப்பு வைன் அவர் எங்களுக்கு ஒதுக்குவார். அதைக் குடிக்கவே எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர். கடிதத்தில் இரண்டே வரி. கடை கைமாறுகிறதாம். புது ஆளைப் பார்க்காமல் ஒரு போத்தலும் தர மாட்டாராம்.

விமானம் ஏறுமுன் மதாம் தொலைபேசியில் வந்தார்.

“அல்பேட், விலை பேசாதே. பிந்திப் போகாதே. அர்மான் எதைத் தந்தாலும் குடி.”

“ஓம் மதாம்.”

“அந்த ஆள் இல்லாவிட்டால் நீ வாங்குவது என் கடை இல்லை. நாற்காலிகளைத்தான்.”

வைத்துவிட்டார்.

செவ்வாய், காலை 8.50. பாரிஸ். மனைவியின் தமையன் செபமாலை வாகனத்தோடு நின்றான். லா கூர்னெவ்வில் இருக்கிறான். சாமான் விநியோகிக்கிற வெள்ளை வான் ஓட்டுகிறான். நான்கு நாள் லீவு போட்டிருந்தான்.

“என்ன மச்சான், முதலாளி ஆகிட்டாய். பெட்டி மட்டும் அகதிப் பெட்டி மாதிரிக் கிடக்கு.”

“சாமான் அவ்வளவுதான்.”

“எனக்கு என்ன கொண்டு வந்தனி?”

“பாணி.”

“மூண்டு தகரம் கிடக்கு. எனக்கு எத்தினை?”

“ஒண்டு. மற்றது கிழவருக்கு.”

“காணாத கிழவனுக்கு ரெண்டு. கண்ட மச்சானுக்கு ஒண்டு. நல்லாயிரு.”

நேரே ஜெர்மனி. மோசல் ஆற்றங்கரை, ட்ரியர் பக்கம். நானூற்று நாற்பது கிலோமீற்றர். வீதிக் கட்டணம் மட்டும் இருபத்தாறு யூரோ. கோப்பி ஒன்று மூன்று யூரோ முப்பது. அது ஒரு முடறுக்கு மேல் இல்லை. பெரிய அநியாயம்.

பிற்பகல் 1.10. செபமாலை பெற்றோல் அடிக்க நிறுத்தினான். இங்கே மலிவு என்றான்.

“பிரான்சிலை ஏன் மலிவு?”

“இது பிரான்ஸ் இல்லை மச்சான். லக்சம்பேர்க்.”

“எல்லை எங்கை?”

“அது போயிட்டுது. நீ வாயைத் திறந்து கொண்டு படுத்திருந்தனி.”

நான் இறங்கிப் பின்பக்கம் பார்த்தேன். வீதிதான் கிடந்தது. அரை மணித்தியாலத்தில் ஒரு பாலம். பாலத்தின் முடிவில் ஒரு நீலப் பலகை. சுற்றிவர நட்சத்திரம், நடுவில் நாட்டின் பெயர். சில நாள் ஜெர்மன்காரர் பொலிசை நிறுத்துவார்களாம். இன்று ஒருவரும் இல்லை. பலகையைத் தாண்டி வான் போனது. ஒரு ஆள் லீக் மரக்கறியோடு சைக்கிளில் எதிரே வந்தான். நாட்டை விட்டு நாடு. அவனுக்கு மணி அடிக்கவும் தேவை இருக்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் இப்படித்தான் எங்கேயோ ஒரு எல்லை கடந்து பிரான்சுக்கு வந்தேன். லொறிக்குள், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால். பதினொரு பேர். ஒரு போத்தல் தண்ணீர். வெளியே எதையும் காணவில்லை. இரண்டு கிழமையில் அங்கிருந்து கனடா. ஐரோப்பா எனக்கு அன்று ஒரு தகரச் சத்தம். இப்போது பார்க்கிறேன், அது வயலும் மாடும்.

செபமாலை வேகத்தைக் குறைத்தான். அவனும் அதே மாதிரி வந்தவன்தான்.

பிற்பகல் 3.00. மோசல். முந்திரிகைத் தோட்டம், திராட்சைதான், என்று காட்டினார்கள். நான் மலையைத்தான் பார்த்தேன். கூரை மாதிரிச் செங்குத்தாக நின்றது. அந்தக் கூரையில் முந்திரிகை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டு, கீழே நிழலில் நின்று பறித்தோம். இங்கே ஒரு கால் வழுக்கினால் ஆற்றுக்குள். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி வண்டி ஏறுகிறது. அதில் ஆள் இருந்து போகிறான். நான் ஏறவில்லை.

தோட்டக்காரி பெயர் ஹெல்கா. கையெல்லாம் வெடிப்பு. பதினான்கு வைனும் பதினான்கு கண்ணாடிக் கிண்ணமும் வைத்தார். நடுவில் ஒரு வாளி. வாயில் எடுத்து, கொப்பளித்து, அதற்குள் துப்ப வேண்டும். முந்தியே மதாம் சொல்லியிருந்தார். சொன்னது வேறு, பார்த்தது வேறு. வேறு இரண்டு வியாபாரிகளும் நின்றார்கள். கோட்டுப் போட்ட ஆட்கள். எல்லோரும் ஒரு வாளியில். ஒருவர் துப்பும்போது மற்றவர் “அருமை” என்கிறார்.

ஒரு போத்தல் முப்பத்தைந்து யூரோ. அதில் மூன்று முடறு வாளிக்குள். ஆனாலும் துப்பினேன்.

வான் ஓட்டுவதால் செபமாலை குடிக்கவில்லை. வாசலில் நின்றான்.

“கலியாண வீட்டுக்கு வந்து செருப்புக்குக் காவல் நிக்கிற மாதிரிக் கிடக்கு மச்சான்.”

ஒன்பது யூரோ ஐம்பது சதம் போத்தல் ஒன்றை மணந்து பார்த்தே எடுத்தேன். எனக்கு நாக்கை விட மூக்கு நல்லது. நிலவறையில் பழகிய மூக்கு. தோடம்பழத் தோலும் ஈரக் கல்லும் மணத்தது. நூற்றெண்பது போத்தல் சொன்னேன். ஹெல்கா என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். “மற்ற இருவரும் முப்பத்தைந்தை எடுத்தார்கள். நான் வீட்டில் குடிப்பது நீங்கள் எடுத்ததை” என்றார்.

புதன்கிழமை முழுக்க ஓட்டம். தெற்கே முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். டிஜோன் தாண்டி முப்பது கிலோமீற்றரில் ஒரு சின்ன ஊர். பெயரை எழுதாதே என்று அர்மான் கேட்கவில்லை. நானாகத்தான் விடுகிறேன். அறை வாடகை அறுபத்துநான்கு யூரோ. காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்பது. நாங்கள் பாண் வாங்கி, செபமாலையின் மனைவி கட்டித் தந்த கருவாட்டுச் சம்பலோடு வானுக்குள் சாப்பிட்டோம். மண்ணே கோடி விலை போகும் ஊரில் கருவாட்டு மணம். செபமாலை கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

இங்கே காணி விலை கேட்டேன். அறைக்காரர் சொன்னதை மூன்று முறை திரும்பக் கேட்டேன். ஒரு பரப்புக் காணியில் ஒரு வீடு கட்டலாம் எங்கள் ஊரில். இங்கே அந்த ஒரு பரப்பின் விலைக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் இருக்கிற மாடிக் கட்டடம் வரும். அதில் இடுப்பளவு உயரத்தில் முந்திரிகைக் கொடி, வரிசையாக, தலை வெட்டின மாதிரி. ஒரு வேலி இல்லை. ஒரு நாய் இல்லை. ஆரும் கொண்டு போக மாட்டார்களா என்று கேட்டேன். “எதை? மண்ணையா?” என்றார்.

வியாழன், காலை 9.00. அர்மான் வீட்டு வாசல். ஒரு நிமிஷமும் பிந்தவில்லை. எழுபத்தெட்டு வயது. கம்பளித் தொப்பி. கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒன்றே ஒன்று. பாணித் தகரம் இரண்டையும் கொடுத்தேன். வாங்கிப் படிக்கட்டில் வைத்தார்.

நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும் புருவம் ஏறியது.

“எங்கே படித்த பிரெஞ்சு அது? பனிக்காட்டு மரவெட்டி மாதிரிக் கதைக்கிறீர்.”

“மொன்ட்ரியால் குசினி.”

“அப்ப கெட்ட வார்த்தை முதலில் படித்திருப்பீர்.”

“ஓம்.”

சிரித்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

நிலவறைக்குப் பதினேழு படி. செபமாலையும் வந்தான். சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். மயிர் மாதிரித் தொங்குகிறது. எங்கள் கடையில் ஒரு புள்ளி கண்டால் சுகாதாரப் பரிசோதகர் பூட்டிவிடுவார். அர்மான் அதைத் தடவிக் காட்டினார், பூனையைத் தடவுகிற மாதிரி. போன புரட்டாதி பிடுங்கிய பழத்தின் வைன் பீப்பாய்களில் கிடக்கிறது. அதைக் காட்டத்தான் கூட்டிப் போனார். இந்த வருஷம் கப்பல் ஏறுவது அதற்கு முந்தின வருஷத்தது. அது போத்தலில் அடைத்து ஆயத்தமாக இருந்தது.

பீப்பாயின் மேலே ஒரு ஓட்டை. அதன் மூடியைக் கழற்றினார். நீண்ட கண்ணாடிக் குழாயை விட்டு வைனை உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டார். தான் ஒரு வாய் குடித்தார். தரையில் துப்பினார். அதே கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

மற்றவர் வாய் வைத்த கிண்ணம். நான் யோசிக்கவில்லை. பழக்கம்தான் யோசித்தது. தலையை நிமிர்த்தி, அண்ணாந்து, கிண்ணம் உதட்டில் படாமல் ஊற்றினேன். தண்ணீர்ச் செம்பு என்றால் சரி வரும். அகன்ற வாய்க் கண்ணாடியில் சரி வராது. பாதி தொண்டையில். பாதி கம்பளிச் சட்டையில். ஒரு துளி கண்ணில்.

“உங்கள் நாட்டில் வைனைக் கண்ணாலும் குடிப்பீர்களா?” என்றார் அர்மான். இன்னும் சிரிப்புத்தான்.

கிண்ணத்தை வாங்கினார். அடியில் மிச்சம் இருந்தது. அவர் வாய் பட்ட மிச்சம். அதை அப்படியே பீப்பாய் ஓட்டைக்குள் ஊற்றினார். மூடியைத் தட்டி இறுக்கினார். அடுத்த பீப்பாய்க்குப் போனார்.

நான் நின்ற இடத்தில் நின்றேன். இருநூற்றிருபத்தெட்டு லீற்றர் பீப்பாய். முந்நூறு போத்தல் வரும். அதற்குள் எச்சில். இந்த வைனை நான் எத்தனையோ வருஷமாகத் துடைத்து அடுக்கியிருக்கிறேன். தலைமேல் தூக்காத குறையாகப் படி ஏற்றியிருக்கிறேன்.

இரண்டாவது பீப்பாய். எடுத்தார். குடித்தார். துப்பினார். என்னிடம் தந்தார். நான் மணந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கிண்ணத்தை ஓட்டைப் பக்கம் சரித்தார்.

என் கை போனது. உள்ளங்கையால் பீப்பாயின் வாயைப் பொத்தினேன்.

எங்கேயோ சொட்டுச் சொட்டென்று விழுகிறது.

“கையை எடும்” என்றார் அர்மான். மெதுவாகத்தான் சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

எடுத்தேன். அவர் பையிலிருந்து துணி எடுத்து ஓட்டையைச் சுற்றித் துடைத்தார். மூன்று முறை. அவருக்கு என் கை ஊத்தை. எனக்கு அவர் வாய் ஊத்தை.

“எங்கள் ஆட்கள் வாய் வைத்த மிச்சத்தைப் பானைக்குள் திருப்பி ஊற்ற மாட்டார்கள்” என்றேன்.

“என் தகப்பன் ஊற்றினார். அவருடைய தகப்பனும் ஊற்றினார். ஒரு வருஷ வேலையைத் தரையில் கொட்டவா? என்னோடு குடிக்காதவனுக்கு நான் விற்பதில்லை. பகல் இரண்டு மணிக்கு வாரும். அல்லது வராதேயும்.”

படியேறி வெளியே வந்தோம். பாணித் தகரங்கள் படிக்கட்டில் அப்படியே இருந்தன.

காலை 9.50. வான். மதாமுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. மொன்ட்ரியாலில் அப்போது விடியவும் இல்லை. எடுத்தால்தான் என்ன சொல்வது? முந்நூறு போத்தலையும் கையால் பொத்திவிட்டேன் என்றா?

செபமாலை பாணைப் பிய்த்தான்.

“மச்சான், பூசையிலை சுவாமியார் ஒரு கிண்ணத்திலைதானே குடிக்கிறார்?”

“அவர் மிச்சத்தைப் போத்தலுக்கை ஊத்திறேல்லை.”

“அது சரி.” கொஞ்ச நேரம் சப்பினான். “நீ லொறியிலை வந்தனி. பதினொரு பேர், ஒரு போத்தல் எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறாய். அண்ணாந்தோ குடிச்சனி?”

“விசர்க் கதை கதையாதை.”

“கேக்கிறன். சொல்லு.”

இறங்கி நடந்தேன். கொடி வரிசைக்குள் ஒரு பெண் குனிந்து கத்தரித்துக் கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

லொறிக்குள் ஒரு சட்டம் இருந்தது. அண்ணாந்து குடிக்கக் கூடாது. லொறி குலுங்கும், சிந்தும். உதட்டை வைத்துத்தான் குடிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு முடறு. யாருடைய ஊர், யாருடைய சாதி, யாருக்குக் காய்ச்சல், ஒருவரும் கேட்கவில்லை. இருட்டில் போத்தல் கைமாறிப் போகும். பதினோராவது ஆள் நான். என் கைக்கு வந்தபோதெல்லாம் அதில் தண்ணீர் இருந்தது. இரண்டு நாள். ஒரு தரமும் வெறுமையாக வரவில்லை. பத்துப் பேரும் மிச்சம் வைத்தார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து வானில் ஏறினேன்.

“என்ன?” என்றான் செபமாலை.

“இரண்டு மணிக்குப் போறம்.”

பிற்பகல் 2.00. பதினேழு படி. செபமாலை மேலே நின்றான். அர்மான் கேள்வி கேட்கவில்லை. அதே இரண்டாவது பீப்பாய். குழாய். கிண்ணம். தான் குடித்தார். நீட்டினார்.

வாங்கினேன். உதட்டை வைத்தேன். கண்ணாடி குளிர்ந்திருந்தது. ஒரு பக்கம் அவர் வாய் பட்ட ஈரம். குடித்தேன். துப்பவில்லை. புளிப்பு, செர்ரிப் பழம், பிறகு மழை பெய்த மண். நல்ல வைன். பொய் சொல்லத் தேவையில்லை.

அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்தேன். அர்மான் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நானே ஓட்டைப் பக்கம் சரித்தேன். ஊற்றினேன். சத்தம்கூட வரவில்லை.

அர்மான் மூடியைத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து சோக்கட்டி எடுத்துப் பீப்பாய் முகத்தில் ஒரு கோடு போட்டார்.

“முந்நூறு” என்றார். “போத்தல் இருபத்தெட்டு யூரோ. லூசிக்கு இருபத்தெட்டு, உமக்கும் இருபத்தெட்டு.”

“மெர்சி.”

“அவளுக்கு இதைப் பழக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. முதல் வருஷம் தன்னுடைய கிண்ணத்தைக் கைப்பைக்குள் கொண்டு வந்தாள். இப்ப பார்த்தால் தானே ஊற்றுவாள். இங்கிருந்து போன ஒவ்வொரு வருஷத்து வைனிலும் அவள் இருக்கிறாள்.”

நான் பீப்பாயைப் பிடித்துக்கொண்டேன்.

மதாம் லூசி. கிண்ணத்தில் ஒரு விரல் அடையாளம் கண்டால் முழுத் தட்டையும் திருப்பி அனுப்புகிறவர். வெந்நீரில் என் கை வெந்த ஏழு வருஷமும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தவர். அவர்.

மேலே வந்தபோது படிக்கட்டில் ஒரு தகரம்தான் இருந்தது. மற்றது உடைத்து, கரண்டியோடு, அர்மானின் மேசையில்.

வெள்ளி, காலை 10.30. டிஜோனுக்கு வெளியே ஏற்றுமதிக் களஞ்சியம். செபமாலையின் வானில் கொண்டுவந்த ஹெல்காவின் நூற்றெண்பதும் அர்மானின் முந்நூறும் ஒரே மரத்தட்டில். ஆறு போத்தல் பெட்டி எண்பது. பிளாஸ்டிக் சுற்றி, நடுவில் வெப்பம் பார்க்கிற ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். குளிரூட்டிய கொள்கலனில் லு ஹாவ்ர் துறைமுகம். அங்கிருந்து கப்பல். மொன்ட்ரியால் துறைமுகத்தில் இறங்கினாலும் நேரே கடைக்கு வராது. கியூபெக்கில் எந்த வைனும் முதலில் அரசாங்கக் களஞ்சியத்துக்குப் போகும். பிறகுதான் நாங்கள் எடுக்கலாம். எட்டு, ஒன்பது கிழமை என்றார்கள். ஏழு கடுதாசியில் கையெழுத்து வைத்தேன்.

சுற்றிய மரத்தட்டைப் பாரந்தூக்கி கொண்டுபோய் லொறிக்குள் வைத்தது. அட்டைப் பெட்டிகள். பின்கதவைச் சாத்தினார்கள். தகரச் சத்தம்.

“ஆள் ஒருத்தரும் உள்ளுக்கை இல்லையே?” என்று கேட்டான் செபமாலை, தமிழில், யாரிடமும் என்றில்லாமல்.

சனி. பாரிஸ், விமானம், மொன்ட்ரியால். மனைவி கேட்டாள், ஐரோப்பா எப்படி என்று. பெரிசு என்றேன்.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை பிற்பகல் பெட்டிகள் வந்தன. நானே நிலவறைக்கு இறக்கினேன். மதாம் தடியோடு வந்தார். அர்மானின் போத்தல் ஒன்றைத் திறக்கச் சொன்னார். இரண்டு கிண்ணம் வைத்தேன். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். துணி எடுத்து ஒரு விரல் அடையாளத்தைத் துடைத்தார்.

எனக்கு வாயோரம் சிரிப்பு முட்டியது.

“என்ன சிரிப்பு?”

“ஒன்றுமில்லை மதாம்.”

துடைப்பதை நிறுத்தினார். “சொல்லிவிட்டானா?”

“ஓம்.”

“நீ ஊற்றினாயா?”

“ஓம்.”

கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு கழுத்திலிருந்த நிலவறைப் பூட்டின் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். குடித்தோம்.

அன்று மாலை ஐந்தாம் மேசையில் ஒருவர் பாதிக் கிண்ணத்தை விட்டுவிட்டுப் போனார். அர்மானின் சிவப்பு. மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிக் கழுவுவது இங்கே சட்டம். இருபத்தாறு வருஷம் ஊற்றியிருக்கிறேன். தொட்டிக்கு மேலே கை கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு ஊற்றினேன்.